ரிப்பேர் செய்யும் உரிமை யாருக்கு?

(புதுமடத்தில் வாகன மெக்கானிக்குகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மீன் லோடு ஏற்றும் வண்டி நம் கரையில் என்ன பாடு படுகிறது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. உப்புக் காற்று ஒயரைத் தின்கிறது. விடியற்காலையில் நின்றுபோன வண்டியை மத்தியானத்துக்குள் ஓட வைப்பது ரோட்டோரப் பட்டறைதான். மீன் காத்திருக்காது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. புகையைக் குறைக்கும் அந்த விதியை நாம் எதிர்க்கவில்லை. புகையை முதலில் சுவாசிக்கிறவர்கள் நாமே. ஆனால் அதோடு எஞ்சினுக்குக் காவலாகக் கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் சாவி கம்பெனியிடம் இருக்கிறது.

அண்மையில் நம் பட்டறைக்கு ஒரு லோடு ஆட்டோ வந்தது. சென்ஸார் பிளக்கில் துரு. சுத்தம் செய்தோம். கோளாறு தீர்ந்தது, விளக்கு அணையவில்லை. வண்டி வேகமெடுக்க மறுத்தது. நம்மிடமுள்ள ஸ்கேனர் அந்த வண்டியோடு பேசவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு ராமநாதபுரம் போனோம். அங்கே ஒரு பொத்தானை அழுத்தினார்கள், அவ்வளவுதான்! இழுவைக் கூலி, பில், இரண்டு நாள் வருமானம் எல்லாம் டிரைவர் தலையில். வேலையைச் செய்தது யார், காசு போனது எங்கே?

இது சட்டப்படி சரியா? சரியில்லை என்று தீர்ப்பே இருக்கிறது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-ல் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஃபோர்டு எல்லாம் அதில் உண்டு. உதிரிப் பாகங்களை வெளிச் சந்தையில் விற்க வேண்டும். கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும் கையேடும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும். வெளியே ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. இதுதான் உத்தரவு. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீலுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளின் வழக்கில் அபராதக் கணக்கைக் குறைத்தது. குற்றம் குற்றமே என்றது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில ஜனங்கள் 2012-ல் ஓட்டுப் போட்டே இந்த உரிமையைச் சட்டமாக்கினார்கள். வண்டியிலிருந்து காற்று வழியே கம்பெனிக்குப் போகும் தகவலுக்கும் சேர்த்து 2020-ல் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். இங்கே மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் இணையதளம் ஒன்றைத் திறந்தது. இணையதளம் திறந்தால் எஞ்சின் திறந்துவிடுமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவோம். நம்மிலும் சிலர் போலிப் பாகத்தை மாட்டி அசல் விலை வாங்குகிறார்கள். வெளிப் பட்டறையால் ஆபத்து என்று கம்பெனி வாதாடுவதற்கு நாமே சாட்சி சொல்வது போன்றது அது. ஆணையம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் போலி பிரேக் போட்ட வண்டியில் போகிறவர் நம் ஊர்க்காரர்.

ஆகவே பாகமோ கருவியோ தர மறுத்தால் தேதி, வண்டி மாடல், கேட்ட பொருள், சொன்ன பதில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்ப்பேச்சைக் கொண்டு புகார் நிற்காது. தனித்தனியே நல்ல ஸ்கேனர் வாங்க நமக்குக் கட்டுப்படி ஆகாது. ஐந்து பட்டறை சேர்ந்து ஒன்று வாங்குவதா, அதை யார் பட்டறையில் வைப்பது என்பதை இன்றைக்கே பேசி முடிப்போம்.