மாக்கோழியும் மரக்குதிரையும்



சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில் தமது 18ஆம் வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அதன்பின் சமணக் குடும்பங்களிலும் சதுரங்க ஆர்வம் மிகுந்திருக்கிறது. ஆயினும் முதியோர் சிலரிடத்தில் ஓர் ஐயம் உண்டு. "யானையை வெட்டு, குதிரையை வெட்டு" என்று பிள்ளைகள் கூவுவதைக் கேட்டு அவர்கள் முகம் சுளிக்கின்றனர். அந்த ஐயத்தை எள்ளி நகையாடுதல் தகாது. அதற்கு இலக்கியச் சான்றே இருக்கிறது.

யசோதர காவியம் கூறும் செய்தி யாவரும் அறிந்தது. உயிர்ப்பலி இட மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்டமாட்டாமல், மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டிப் பலியிட்டான். வெட்டுண்டது மாவே, கொல்லும் எண்ணமோ உண்மையானது. அதன் பயனாகத் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகளில் உழன்றனர். மாக்கோழிக்கே அவ்வளவு என்றால் மரக்குதிரைக்கு எவ்வளவு என்று முதியோர் வினவுவது முறைதானே?

யசோதரன் அக்கோழியை ஓர் உயிருக்கு ஈடாகக் கருதி வெட்டினான். சதுரங்கம் ஆடுபவன் குதிரையை உயிராகக் கருதுவதே இல்லை. அரசனை எடுப்பதற்கோ விதியிலேயே இடமில்லை. தப்பும் வழி அடைபட்டவுடன் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆனால் எதிரில் அமர்ந்திருப்பவன் மரமல்லன். அவன்மீது கறுவு கொள்ளும்போது மாக்கோழியின் கதை மெய்யாகவே தொடங்கிவிடுகிறது.

நல்ல கழகம் அந்தக் கறுவைத் தணிக்கும். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் மானுவல் ஆரோன் தொடங்கிய டால் சதுரங்கக் கழகம் இதற்குச் சான்று. ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். தேசியப் பட்டத்தை 9 முறை வென்றவர். தாய் சுசீலாவிடம் 6ஆம் வயதில் ஆட்டம் கற்ற விசுவநாதன் ஆனந்த் அக்கழகத்தில்தான் பழகி வளர்ந்தார். அக்காலத்தில் அங்கே விரைவாட்டத்தில் வென்றவர் பலகையை விட்டு நகரமாட்டார். தோற்றவர் எழுந்து தம் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. வயதும் பதவியும் செல்லவில்லை. சிறுவனிடம் தோற்ற பெரியவரும் எழுந்தாக வேண்டியிருந்தது. நான்கு கஷாயங்களுள் மானத்தைக் குறைக்க இதனினும் எளிய பயிற்சி அரிது.

ஆட்டம் முடிந்தபின் நிகழ்வது இன்னும் சிறப்பு. போட்டிகளில் ஒவ்வொரு நகர்வையும் ஆடுவோர் தாளில் எழுதிவருவர். இருவரும் கைகுலுக்கியபின் காய்களை மீண்டும் அடுக்கி, தவறு எங்கே நேர்ந்தது என்று சேர்ந்தே தேடுவர். தோற்றவர் தம் பிழையைத் தம் வாயாலேயே, அதுவும் வென்றவரிடமே சொல்கிறார். பிரதிக்கிரமணம் செய்து பழகியோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

ஏழு வியசனங்களுள் சூது இருப்பதால் சதுரங்கத்தையும் விலக்க வேண்டும் என்பாரும் உளர். பணயம் வைத்தால் இதுவும் சூதே, வையாவிடில் அன்று. அதற்குமேல் அதில் வாதமில்லை.

வருந்தத்தக்கது வேறொன்று. தோற்று வெளியே வரும் 8 வயதுக் குழந்தையை, அரங்கின் வாயிலிலேயே, பலர் முன்னிலையில் பெற்றோர் கடிந்துகொள்ளும் காட்சி அரிதன்று. நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் அப்போதே கணக்கிட்டுச் சொல்லப்படுகின்றன. பலகையில் நிகழாத இம்சை வாயிலில் நிகழ்கிறது. முதியோரின் ஐயம் பிள்ளைகளை விட்டுப் பெற்றோர் பக்கம் திரும்பினால் மிகவும் பொருந்தும்.

ஜினாலயத்தை ஒட்டிய கூடங்களில் ஞாயிறுதோறும் கழகம் நடத்த விழைவோர் "வெட்டினேன்" என்பதற்கு மாற்றாக "எடுத்தேன்" என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கலாம். பொருள் சிறிதும் குறையாது. கடைசிச் சுற்றும் மாலை 4 மணிக்குள் முடியட்டும். கதிர் மறையுமுன் உண்ணும் வழக்கமுடைய பிள்ளைகள் வீடு சேர்ந்து, கைகால் கழுவி, அமைதியாக உண்ண அவ்வளவு நேரமாவது வேண்டும்.