விதைக்கும் ஒரு கணக்கு உண்டு



கூர் பழைய நகரின் சனிக்கிழமைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, இது மரபணு மாற்றினதா?" "இல்லை, இந்த நாட்டுத் தோட்டங்களில் அதைப் பயிரிட ஏலாது" என்றேன். "அப்பிடியெண்டால் அது கூடாததா?" என்றாள். கணக்காளரான எனக்கு ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே இன்று வரவையும் செலவையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் ஊர்க் கணக்கு. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் பிறந்தது. நீரிறைக்கும் இயந்திரமும் யூரியாவும் பூச்சிமருந்தும் விளைச்சலைக் கூட்டின. எங்கள் கல்வீடும் என் படிப்பும் அந்த மிளகாய்க் காசுதான். அது வரவு.

செலவு பிறகுதான் தெரிந்தது. குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். மேலே போட்ட பசளையின் நைத்திரேற்று மழையோடு இறங்கிக் கிணற்றில் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

சரி, பசளையை நிறுத்திவிடலாமே என்பீர்கள். அதையும் அனுபவித்தோம். போர்க்காலத்தில், 1990களில், வடக்கிற்கு யூரியா கொண்டுபோகத் தடை இருந்தது. அப்பா கடிதத்தில் எழுதினார்: "மாட்டெருவும் குழையும்தான் போடுறம். மண் பிழைக்குது, நாங்கள் பிழைக்கிறதுதான் கஷ்டம்."

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை முழு நாட்டுக்கும் திடீரென்று நிறுத்தியது. நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போகத்துக்குக் காலம் பிந்திவிட்டது. 2022இல் நெல் அறுவடை வெகுவாகக் குறைந்தது. அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது. சேதனப் பசளை நல்லதுதான். விவசாயியைக் கேளாமல், அவகாசம் கொடாமல் மாற்றியதுதான் பிழை.

இனி மகளின் கேள்வி. 2002இல் இந்தியா பி.டி. பருத்தியை அனுமதித்தது. மண்ணில் வாழும் ஒரு பக்ரீறியாவின் மரபணுவைச் சேர்த்ததால், காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும். முதலில் மருந்தடிப்புக் குறைந்தது. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டது. விதையும் கலப்பினம், ஒவ்வொரு போகத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கத்தரியிலும் இதே முறை வந்தது. 2010இல் இந்தியா அதை நிறுத்திவைத்தது. 2013இல் வங்காளதேசம் அனுமதித்தது. அங்கே அந்த இனங்களை வெளியிட்டது அரச ஆராய்ச்சி நிலையம். விவசாயி விதை எடுத்து அடுத்த போகத்துக்கு வைக்கலாம். தொழில்நுட்பம் ஒன்று, கணக்கு இரண்டு. விதை யார் கையில் இருக்கிறது என்பதே வித்தியாசம்.

இங்கே சுவிஸில் 2005 நவம்பர் 27ஆம் திகதி மக்களையே கேட்டார்கள். 55.7 வீதத்தினர் மரபணு மாற்றிய பயிர்ச்செய்கையை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க வாக்களித்தார்கள். பாராளுமன்றம் அதைத் திரும்பத் திரும்ப நீடித்து, இப்போது 2030 முடிவு வரை கொண்டுவந்திருக்கிறது. ஆராய்ச்சிக்குத் தடையில்லை. 2012இல் நிறைவடைந்த தேசிய ஆராய்ச்சித் திட்டம், உடல்நலத்துக்கோ சூழலுக்கோ தீங்கு காணவில்லை என்றது. அதையும் வரவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும். 2025 ஏப்ரலில் புதிய மரபணுத் திருத்த முறைகளுக்கான சட்ட வரைபை அரசு கருத்துக் கேட்க வெளியிட்டது. கதை முடியவில்லை.

நேயர்களே, 2005இல் எங்களில் பலருக்கு இந்த நாட்டில் வாக்கில்லை. இன்று எங்களில் பலருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு. இந்தக் கேள்வி ஒருநாள் மறுபடியும் வாக்குச்சீட்டாகத் தபாற்பெட்டியில் விழலாம். படிக்காமல் குப்பைக்குள் போடாதீர்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: விதை யாருக்குச் சொந்தம்? நட்டம் வந்தால் யார் தலையில்? பிழையென்று கண்டால் திரும்பிவர வழி உண்டா?

மகளுக்கும் இதைத்தான் சொன்னேன். "நல்லதா கூடாததா எண்டு சொல்லவே இல்லையே" என்றாள். கணக்கை உன்னிடம் தந்துவிட்டேன், கூட்டிப் பார்ப்பது நீ என்றேன்.