குழந்தையின் மூச்சுக்கு யார் பொறுப்பு?

(பாப்பிரெட்டிப்பட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி நாம் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறோம். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே குழந்தைக்கு இழுப்புக் கண்டால், "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். தண்ணீர் மட்டுமா காரணம்?

குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறது. அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. டீசல் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் உள்ள நுண்துகள் அந்த நுரையீரலின் அடிவரை சென்று தங்குகிறது.

இது வெறும் ஊகமல்ல. லண்டனில் நெரிசல்மிக்க சாலையருகே வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-ல் ஆஸ்துமாவால் மாண்டாள். தாய் விடாமல் போராடினார். காற்று மாசும் அச்சாவுக்குக் காரணமென்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

நம் நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-லேயே வந்துவிட்டது. ஆனால் கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் நுண்துகள் வரை இருக்கலாமென்கிறது அரசு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வரம்பு 5! எட்டு மடங்கு விஷத்துக்குச் சட்டமே அனுமதிச் சீட்டுத் தருகிறது.

எண்ணூரிலும் மணலியிலும் புகைபோக்கிகளின் அடியில் குடியிருப்போர் யார்? முதலாளிகளா? மீனவரும் கூலிக்காரருமே!

ஆகவே தோழர்களே, மூச்சு வாங்கும்போது குழந்தையின் விலா உள்ளிழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அத்தோடு நின்றுவிடாதீர்கள். கட்டட வேலைத்தளத்தில் புழுதிக்குத் தண்ணீர் தெளிக்கவும், ஜெனரேட்டருக்கு எட்டக் குடிசை போடவும் ஒன்றுசேர்ந்து கேளுங்கள். கூலியைப் போலவே நல்ல காற்றும் நம் உரிமை!