சிறுமாற்றமும் பெருந்திரிவும்
(பொழிவின் எழுத்து வடிவம்)



'குரங்கிலிருந்து மாந்தன் வந்தான் என்கின்றீர்களே, எங்கள் தோப்புக் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கின்றது?' என்று கேட்பார் உளர். கேட்டவுடன் அவையில் சிரிப்பெழும். அச் சிரிப்பில் உண்மை மூழ்கிப்போம். அவ் வினாவில் பிழைகள் இரண்டு. இன்றைய குரங்கு நம் பாட்டனன்று; அதற்கும் நமக்கும் பொதுவான பழம் மூதாதை ஒன்றிருந்தது. அடுத்து, உயிர்த் திரிவு ஓரிரவில் நிகழும் விந்தையன்று. கண்ணுக்குப் புலப்படாச் சிறு வேறுபாடுகள் தலைமுறை தலைமுறையாய்த் திரண்ட விளைவே அது.

சார்லசு தார்வின் 1859-இல் வெளியிட்ட நூலின் சாரம் மூன்று கூற்றுகளில் அடங்கும். ஓரினத்துள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. அவ் வேறுபாடுகளுள் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகின்றன. பிறப்பன அனைத்தும் பிழைத்துப் பெருகுவதில்லை. இம் மூன்றும் மெய்யாயின், வாழ்வுக்குப் பொருந்திய வேறுபாடு அடுத்த தலைமுறையில் சற்றே மிகும். அம் மிகுதலே இயற்கைத் தேர்வு.

இதனைக் கண்ணாற் காண இயலுமோ என ஐயுறலாம். கண்டவர் உளர். அமைதிப் பெருங்கடலில் கலாபாகோசுத் தீவுக்கூட்டத்துள் தாப்னே என்னும் சிறு தீவு ஒன்றுண்டு. பீட்டர் கிராண்டு, உரோசுமேரி கிராண்டு என்னும் கணவன் மனைவியர் 1973 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்குள்ள குருவிகளை ஆராய்ந்தனர். காலில் வளையமிட்டு, அலகை அளந்து, குஞ்சு குஞ்சாகக் கணக்கெழுதினர்.

1977-இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்தன. எஞ்சியவற்றுள் பெரும்பாலன வன்விதைகள். நம் காலில் தைக்கும் நெருஞ்சியின் இனத்தைச் சேர்ந்த முள்விதையும் அவற்றுள் ஒன்று. அதனை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். ஏறத்தாழ 1200 ஆக இருந்த நடுத்தரத் தரைக்குருவிகளுள் 180 அளவினவே உயிர் தப்பின. தப்பியவற்றின் அலகுத் தடிப்பு, முன்னிருந்த கூட்டத்தின் பொதுவளவினும் அரை மில்லிமீட்டர் அளவே மிகுதி! அடுத்துப் பிறந்த குஞ்சுகளின் அலகும் தடித்தே இருந்தது.

இங்கே ஒன்றை உன்னுக. எந்தக் குருவியும் முயன்று தன் அலகைத் தடிக்கச் செய்யவில்லை. தடித்த அலகினது பிழைத்தது, மெல்லலகினது மாய்ந்தது. கூட்டம் மாறிற்று, தனிக்குருவி மாறவில்லை.

1983-இல் பெருமழை கொட்டியது. சிறு விதைகள் மிகுந்தன. சிற்றலகுக்கு வாழ்வு வந்தது. பின்னர், பெரிய தரைக்குருவிகள் அத் தீவில் பெருகி வன்விதைகளைக் கவர்ந்துகொண்டமையால், 2004, 2005 வறட்சியில் நடுத்தரக் குருவிகளுள் பெரிய அலகினவே மிகுதியாய் மாண்டன.

'முன்னும் பின்னும் ஊசலாடும் மாற்றம் புதிய இனத்தை எங்ஙனம் ஆக்கும்?' எனலாம். ஒரே தீவில் ஊசலாடலாம். வெவ்வேறு தீவுகளில் வெவ்வேறு உணவோடு நெடுங்காலம் பிரிந்து வாழுங்கால், மாற்றம் ஒருபுறமாகவே திரளும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மூதாதை வழியிலேயே, சில பத்திலக்கம் ஆண்டுகளுள், ஏறத்தாழ 18 இனங்கள் கிளைத்தன. விதை உடைப்பது ஒன்று; கள்ளிப்பூவை நாடுவது ஒன்று; முள்ளை அலகிற் கவ்விப் புழுவைக் குத்தியெடுப்பது மற்றொன்று.

கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் ஓர் உறுப்பு வளர்வதாகக் கொள்வோம். ஒருவர் வாழ்நாளில் அதனை அறியவே இயலாது. ஆயினும், 70 ஆயிரம் ஆண்டுகளில் அவ்வுறுப்பு இருமடங்காகும். ஞாலத்தில் உயிர் தோன்றியோ 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று!

இறுதியாக ஒன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தார். அவ் வகுப்பு நம் பெருமைக்குரியது. ஆயினும் ஒன்று மற்றொன்றாகத் திரிந்தது என அவர் கூறவில்லை. கூறாததைக் கூறினார் என்பது அவர்க்குப் பெருமை சேர்க்காது. கூர்ந்து நோக்கி வகுத்த அவர் வழியில், நாமும் கூர்ந்து நோக்குவதே அவர்க்குச் செய்யும் சிறப்பு. எனவே இளவல்களே, உயிரைப் பற்றி எவர் எதனைச் சொல்லினும் கேளுங்கள்: மாறியது எது? எத்தனை தலைமுறையில்? அளந்தவர் யார்?