தலைமன்னார் இறங்குதுறையும் சேவைத் தொழில்களும்



உழவும் கைத்தொழிலும் கண்ணுக்குத் தெரியும் பொருளைத் தருகின்றன. புகையிரதத்தைச் செலுத்துபவரும், தபால் கொண்டுசெல்பவரும், வங்கியிற் கணக்கெழுதுபவரும் தருவது யாது? சேவை. அதனை மூட்டையாகக் கட்ட இயலாது. பண்டகசாலையில் வைத்துக் காக்கவும் இயலாது. எனினும் இன்று இலங்கையின் மொத்த உற்பத்தியிற் பாதிக்கு மேல் இத்தகைய தொழில்களாலேயே வருகிறது.

இது புதுமை என்று கருதவேண்டா. முற்காலத்தில் அரிப்புக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, குளிப்போரும் தோணிக்காரரும் மட்டுமா அங்கே கூடினர்? முத்தை மதிப்பிடுவோர், துளையிடுவோர், கடன் கொடுப்போர், குடிதண்ணீர் விற்போர் யாவரும் குடிசை கட்டி இருந்தனர். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதிய 'கடல்கட்டி'க்கும் ஊதியம் உண்டு. நகைக்கத் தோன்றலாம். ஆனால் அவர் இல்லாவிடின் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தனர். அச்சத்தைத் தணிப்பதும் ஒரு சேவையே. காப்புறுதிக்காரர் இன்று செய்வதும் ஏறக்குறைய அதுதானே!

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவை தொடங்கிற்று. சென்னையிற் புறப்பட்ட பிரயாணி ஒரே பயணச்சீட்டுடன் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அக்குறுகிய கடலை நம்பிச் சுமை தூக்குவோர், சாப்பாட்டுக்கடைக்காரர், சுங்க ஊழியர் எனப் பலர் இரு கரையிலும் வாழ்ந்தனர். 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. 1980களிற் போர் மூண்டபின் அதுவும் நின்றது. 1990இற் புகையிரதமும் நின்றது. தலைமன்னாரில் எவரும் தம் தொழிலை மறந்துவிடவில்லை. அத்தொழிலைக் கேட்டு வருவோர்தாம் இல்லாமற் போயினர். விற்காத கருவாட்டை மறுநாள் விற்கலாம். கப்பல் வராத நாளின் கூலியை மறுநாள் பெறமுடியுமா?

2015இற் புகையிரதம் மீண்டும் இறங்குதுறை வரை வந்தது. அதனோடு கப்பல் வரவில்லை. கப்பல் வருவது இரு அரசாங்கங்களின் உடன்பாட்டைப் பொறுத்தது. அதற்காக மற்றவற்றையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பேசாலையில் விடியற்காலை கரைசேரும் மீனைப் பாருங்கள். பிடித்தவரின் உழைப்பு கரையோடு முடிகிறது. அதன்பின் ஐஸ் வேண்டும், லொறி வேண்டும், கொழும்பு விலையை அறியத் தொலைபேசி வேண்டும். ஒன்று தவறினும் நல்ல அறக்குளா கருவாட்டு விலைக்குப் போகிறது. போதிய குளிர்களஞ்சியமும், கூட்டுறவுச் சங்கத்திற்கென ஒரு லொறியும் இருப்பின், அந்த விலை வித்தியாசம் பேசாலையிலேயே தங்கும். முதலில் அவற்றைக் கேட்போம்.