இயந்திரத்துக்கு முன் மட்டை

 

பாக்குமட்டைத் தட்டுத் தொழிலை அடி அண்ணாமலையில் தொடங்கலாமா என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்டு வருகிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால், இயந்திரத்தின் விலையை விசாரித்த அளவுக்கு அவர்கள் மட்டையைப் பற்றி விசாரிக்கவில்லை என்பதே என் கவலை.

சந்தை நம் வாசலில் இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நம் ஊர் வழியாகவே செல்கிறது. பௌர்ணமிதோறும், கார்த்திகை தீபத்தின்போதும் வழிநெடுக அன்னதானம் நடைபெறுகிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளும் குவளைகளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. நம் வலீமா விருந்துகள் வேறு இருக்கின்றன.

செய்முறையும் எளிது. உதிர்ந்த மட்டையை நீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, ஈரம் வடிந்தபின் சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு உருவாகிவிடும். பசையோ சாயமோ வேண்டியதில்லை.

சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. பாக்கு நம் வட்டாரத்துப் பயிர் அன்று. சேலம், கோவை மாவட்டங்களிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ மட்டை வரவேண்டும். மழையில் நனைந்த மட்டை பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். ஆகவே கோடையிலேயே வாங்கி, நன்கு காயவைத்து, ஈரம் புகாத கொட்டகையில் அடுக்கிவைக்க வேண்டும். தீபத் திருவிழாவோ அடைமழைக் காலத்தில் வருகிறது! கைப்பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டவர், விற்பனை மிகும் அந்நாளில் மட்டையின்றி நிற்பார்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு விதிகளில், கிராமப்புறச் சிறுபான்மையினருக்கு 35 சதவீத மானியம் உண்டு. சொந்தப் பங்கு 5 சதவீதம். இப்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து, திட்ட அறிக்கையில் மட்டைக்கான நடைமுறை மூலதனத்தையும் சேர்த்தே எழுதுங்கள். வட்டிக்கு அஞ்சுவோர் இருவர் மூவராகக் கூட்டுச் சேரலாம்.

ஏற்றுமதி என்று ஆசை காட்டுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பாக்கு மரத்திலுள்ள அரிகோலின் போன்ற பொருட்கள் உணவில் கலக்கக்கூடும் எனக் கூறி, 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தட்டுகளைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. வாங்குவோர் கேட்டால் இதை மறைக்க வேண்டாம். தயங்குவோருக்கு மந்தாரைத் தையல் இலை தரலாம். அதற்கு ஈர்க்கும் கைப்பழக்கமும் போதும். நம் பெண்கள் வீட்டிலிருந்தே தைப்பார்கள்.

ஜமாஅத்திடம் ஒரு கோரிக்கை. ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய கிண்ணங்களை இவர்களிடமே வாங்குவதாக முடிவு செய்து, அதற்கு முந்திய கோடையிலேயே முன்பணம் கொடுங்கள். முதல் லாரி மட்டைக்கு அது உதவும்.