செல்ஃப் அடிக்காத டிராக்டர்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஆலங்குளம் பக்கத்தில் எங்கள் பட்டறை வாசலில் கேட்கிற முதல் பேச்சு, "அண்ணாச்சி, செல்ஃப் அடிக்க மாட்டேங்குது" என்பதுதான். கோடையெல்லாம் கொட்டகையில் கிடந்த வண்டியை, கரிசலில் மழை விழுந்த மறுநாளே உழவுக்கு எடுப்பார்கள். அது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அசையாமல் நிற்கும்.

மின்சாரம் வண்டியில் சுற்றுகிற விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பேட்டரி பிளஸ்ஸில் கிளம்பி, செல்ஃப் மோட்டாருக்குள் போய், வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே மைனஸுக்குத் திரும்புகிறது. திரும்பி வருகிற அந்தப் பாதையைத்தான் எர்த் என்கிறோம். இன்றைக்கு நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த எர்த்தைப் பற்றி. மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

இப்போது பட்டறைகளில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. செல்ஃப் அடிக்கவில்லையா, பேட்டரியை மாற்று. அப்படியும் அடிக்கவில்லையா, செல்ஃப் மோட்டாரை மாற்று. அதற்கும் மசியவில்லையென்றால் ஒயரிங் முழுவதையும் உருவிப் போட்டுப் புதுசு கட்டு. இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, வியாபாரம். சத்திரப்பட்டி பக்கத்துப் பெரியவர் ஒருவர், மேலே சொன்ன முதல் இரண்டையும் செய்து முடித்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பேட்டரி புதுசு, செல்ஃப் புதுசு. மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட், குறையே இல்லை. சாவியைத் திருப்பினால் 'டக்'.

நான் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் தலையில் வைத்தேன். கவனியுங்கள், மேலே மாட்டியிருக்கிற கிளாம்பில் இல்லை, ஈயத் தலையிலேயே. மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் வைத்தேன். ஸ்டாப் நாபை இழுத்துவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரியவரைச் சாவி திருப்பச் சொன்னேன். முள் 2 வோல்ட்டைத் தாண்டியது. அங்கே கால் வோல்ட்கூட வரக்கூடாது. எர்த் பட்டையை கியர்பாக்ஸில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால், வாஷருக்கு அடியில் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். போன ஆயுதபூஜைக்கு வண்டிக்கு வர்ணம் அடித்தவர்கள் அந்த இடத்தையும் விடவில்லை. உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து முடுக்கினேன். வண்டி அடித்தது.

2 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். 1827-இல் ஜெர்மனிப் பள்ளிக்கூட வாத்தியார் ஜார்ஜ் ஓம் எழுதிவைத்த கணக்கு இது. செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வழியில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். சுங்கச்சாவடி மாதிரி, போகும்போதும் வரும்போதும் வசூல். பேட்டரியும் இழுவையில் இறங்கிவிடுவதால், மோட்டாருக்கு மிஞ்சுவது சுழற்றப் போதாது.

ஆகவே சொல்கிறேன்: சும்மா நிற்கும்போது அளக்காதீர்கள், செல்ஃப் இழுக்கும்போது அளங்கள். ஒயரில் ஒரே ஒரு செப்பு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும். ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. அந்த ஒற்றை இழையில் செல்ஃப் சுற்றாது. இழுக்கும்போது அளங்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மீட்டர்கூட வைத்துக்கொள்ள மாட்டார். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று, அதில் இரண்டு ஒயர், நுனியில் கிளிப்பு. 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். அரிப்புப் பிடித்த கனெக்‌ஷனில் மாட்டினால் மங்கி அழும். அந்த மங்கலைப் பார்த்தே ஹெட்லைட் லைனில் எந்த இடம் பூத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது பையன்கள் சட்டைப்பையில் எல்.இ.டி. டெஸ்டர் செருகியிருக்கிறார்கள். அது துளி மின்சாரத்துக்கும் பளிச்சென்று எரியும். செத்த ஒயருக்கும் உயிர் இருக்கிறது என்று சத்தியம் பண்ணும். எனக்கு அந்த டெஸ்டரைக் கண்டாலே ஆகாது, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

சாவி திருப்பினால் சத்தமே இல்லையா? அப்போது தடித்த கேபிளை விடுங்கள். பியூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் பெடலடியில் இருக்கும் சேஃப்டி சுவிட்ச், சோலனாய்டுக்குப் போகும் சின்ன ஒயர், இவற்றைப் பாருங்கள். எலி கடித்திருப்பதும் இங்கேதான். கடகடவென்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. சிமெண்ட் ஆலை லாரி ஓடுகிற ரோட்டோரம் நிற்கும் வண்டிகளில் பேட்டரி மேல் தூசி அப்பிக் கிடக்கும். ஈரம் பட்டால் அதன் வழியாகவே சார்ஜ் கசியும். மீட்டரின் ஒரு முனையை மைனஸிலும் மறுமுனையை அந்த அழுக்கிலும் வையுங்கள், வோல்ட் காட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஸ்குரூ டிரைவரை வைத்து சோலனாய்டு முனைகளை ஷார்ட் பண்ணி வண்டி எடுக்கிறார்கள். சேஃப்டி சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி மின்சாரம் போய்விடும். கியரில் இருந்தால் டயர் பக்கம் நிற்கிறவர்மேலேயே வண்டி ஏறிவிடும். கோல்ஃப் மைதானங்களில் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டியிலும் இதே கதை: சீட்டுக்கு அடியில் சுவிட்ச், பிளேடு ஓடும்போது ஆள் எழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். தொந்தரவு என்று அதை ஒயர் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டின வண்டியை நான் கையால் தொடமாட்டேன்.

ஆல்டர்னேட்டரைப் பற்றிப் பேச நேரமில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால் அதை விட்டுவிடுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். அதற்கும் முன்னால், அதனுடைய எர்த்தைப் பாருங்கள்.